குட்டியோட அம்மாவைப் பார்த்தீங்களா?

"நடுத்தர வயதினர். ஆறடி உயரம், திடகாத்திரமான உடல்வாகு, உரத்த குரல். அறுபதுக்கும் மேற்பட்டோரைத் திரட்டிக் கடைத்தெருவில் தள்ளுமுள்ளு ஏற்படக் காரணமானவர். நாய்களின் மேல் அளவுகடந்த வெறி கொண்டவர். முன்பின் யோசிக்காமல் செயல்படக்கூடியவர். கண்காணிக்கப்பட வேண்டியவர்."

காவல் நிலையத்துக் கோப்பில் அவரைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. கோப்பு பொய் சொல்லாது என்பார்கள். சொல்லாதுதான். சில சமயம் ஆளை மாற்றிச் சொல்லும், அவ்வளவே.

சம்பந்தப்பட்டவரின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், அதுவும் மழைக்காலத்து ரப்பர் செருப்பைச் சேர்த்து அளந்தால். காற்று பலமாக வீசும் நாள்களில் அவர் மனைவி அவர் கையில் குடையைக் கொடுத்து அனுப்ப மாட்டார். குடையும் போய் ஆளும் போனால் என்ன செய்வது என்று பயம். குரலைப் பற்றிச் சொல்வதென்றால், பேருந்தில் "இறங்கணும்" என்று இவர் சொல்லி, அது நடத்துநர் காதில் விழுவதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிய அனுபவங்கள் நிறைய. ஒரு சட்டை வாங்க முன்னே ஒரு வாரம் யோசிப்பார். வாங்கியதைப் பற்றிப் பின்னே ஒரு வாரம் யோசிப்பார். மிச்சமிருப்பது நாய். நாயைக் கண்டால் அவருக்கு நடுக்கம்.

அவர் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்தார். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலை. இருபத்தெட்டு வருடமாக அதே வேலை, ஏறக்குறைய அதே தெருக்கள். ஆகவே அவருக்கு இருந்த பெயரை ஊர் மறந்து 'ரீடிங்' என்ற பெயரைக் கொடுத்துவிட்டது. "ரீடிங் வந்துட்டார், கேட்டைத் திற" என்பார்கள். அவர் மனைவி காய்கறி வாங்கப் போனால் "ரீடிங் வீட்டம்மா" என்று கூப்பிட்டு இடம் விடுவார்கள். முதலில் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. பிறகு, வேறு சில உத்தியோகங்களின் பெயரை யோசித்துப் பார்த்துச் சமாதானமடைந்தார்.

இந்த இருபத்தெட்டு வருடத்தில் ரீடிங்கை ஏழு நாய்கள் கடித்திருந்தன. ஏழையும் ஒரு சின்ன நோட்டில் தேதி, கதவு எண், நாயின் நிறம், கடிபட்ட பாகம் என்று கட்டம் போட்டுக் குறித்து வைத்திருந்தார். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை எவர் சொன்னாலும் அவருக்குச் சுருக்கென்று வரும். அவரைக் கடித்த ஏழும் வஞ்சனையில்லாமல் குரைத்துவிட்டுத்தான் கடித்தன. நாய்க் காப்பகம் ஒன்றும் அவருடைய தெருக்களில் இருந்தது. அதற்குள் அவர் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. காப்பகத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். கழுத்தில் இன்னமும் விசில் தொங்கும். ரீடிங் கேட்டுக்கு வெளியே நின்று இருமுவார். டீச்சர் உள்ளேயிருந்து மீட்டரைப் பார்த்து, "மூணு! ஏழு! ஒண்ணு! நாலு! எழுதியாச்சா?" என்று உடற்பயிற்சி எண்ணுவதுபோலக் கத்துவார். "ஆச்சு டீச்சர்" என்று முணுமுணுத்துவிட்டு இவர் ஓடிவிடுவார். விதிப்படி இது தப்பு. உயிர் பெரிதா விதி பெரிதா என்ற கேள்விக்கு அவர் மாதம் ஒருமுறை இப்படி விடை எழுதினார்.

போன வருடம் சக ஊழியர் ஒருவர் ஓய்வு பெற்றதும் அவருடைய இரண்டு தெருக்கள் இவர் தலையில் விழுந்தன. ஒன்று, கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சந்து. சந்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. பதிவேட்டில் 'சாமான் கிடங்கு' என்று இருந்தது. ரீடிங் நிம்மதியாகப் போனார். சாமான் கடிக்காது.

கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஆள் பூட்டைத் திறந்தார். "மீட்டர் உள்ள கடைசிச் சுவர்ல இருக்கு சார். மூக்கைப் பொத்திக்கிட்டு நேரா போயிடுங்க."

உள்ளே இரு பக்கமும் கம்பிக் கூண்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கூண்டுக்கு ஒரு பெட்டை நாய். சிலவற்றின் வயிற்றோடு ஒட்டிக் குட்டிகள். அவற்றின்மேல் சூட்டுக்காக எரியும் மஞ்சள் பல்புகள். மொத்தம் பதினான்கு நாய்கள். ரீடிங் கண்ணை இறுக மூடிக்கொண்டு பதினான்கு குரைப்புக்குக் காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தார். பதினான்கும் அவரை ஒருமுறை பார்த்தன. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டன. பூட்டிய வீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு பார்வை.

"ஏன் குரைக்கல?" என்று கேட்டார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு கேள்வியைக் குறையாகக் கேட்போம் என்று அவர் நினைத்ததில்லை.

"குரைச்சு என்ன சார் ஆகப்போகுது? வருஷத்துக்கு ரெண்டு ஈத்து. நின்னு போச்சுன்னா வேற மாத்திருவாங்க."

"அப்ப பழசு எங்க போகும்?"

அந்த ஆள் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நீங்க ரீடிங் எடுங்க சார்."

அன்று எழுதிய எண்ணை ரீடிங் மூன்று முறை அடித்துத் திருத்தினார். வெளியே வந்து கடைத்தெருப் பக்கம் சுற்றிப் போனபோதுதான் கொட்டகை யாருடையது என்று தெரிந்தது. கண்ணாடிக் கடை. கழுத்தில் ரிப்பன் கட்டிய குட்டிகள். மேலே பளபளக்கும் பலகை: 'அன்பான குடும்பச் சூழலில் வளர்ந்த குட்டிகள் இங்கே கிடைக்கும்.' குடும்பத்தை அவர் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அரசு ஊழியருக்கு மனசு கெட்டால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: கடிதம் எழுதினார். 'மேற்படி கிடங்கில் சாமான்கள் இல்லை, நாய்கள் உள்ளன, அவை துன்பத்தில் உள்ளன, தக்க நடவடிக்கை தேவை' என்று மேலதிகாரிக்கு எழுதினார். அலுவலகம் பதினோரே நாளில் நடவடிக்கை எடுத்தது. 'சாமான் கிடங்கு' என்பதை அடித்து 'வணிகப் பயன்பாடு' என்று மாற்றி, கட்டண விகிதத்தை உயர்த்தியது. விழிப்புடன் இருந்தமைக்காக ரீடிங்கைப் பாராட்டி ஒரு வரியும் வந்தது.

அந்தப் பாராட்டை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மனைவி வீட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசுவார்.

"ஏங்க, இருபத்தாறு வருஷமா ஒரு பூனைக்குட்டி கேட்டேன். மாட்டேன்னுட்டீங்க. இப்ப பதினாலு நாய்க்காக பட்டினி கிடக்கறீங்களா?"

"எனக்கு நாயெல்லாம் பிடிக்காதும்மா."

"அது தெரியுது. பிடிக்காததுக்கே இந்த அழுகைன்னா, பிடிச்சிருந்தா வீடு தாங்காது. போய் அந்த விசில் டீச்சரைப் பாருங்க."

டீச்சர் வழி காட்டினார். விலங்கு நல அதிகாரியிடம் இழுத்துக்கொண்டே போனார். அந்த அதிகாரி நான்கு ஊர்களுக்கு ஒரே ஆள். அவருடைய அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு அலமாரி, அவர். நேரில் போய்க் கொட்டகையைப் பார்த்துவிட்டும் வந்தார். நியாயமானவர். நியாயமானவர்களிடம் சிக்கினால்தான் நமக்குக் கஷ்டம், திட்டவும் முடியாது.

"உரிமம் கிடையாது. எடுத்துடலாம். உத்தரவு போட்டுட்டேன், தொண்ணூறு நாள் செல்லும். ஆனா எடுத்து எங்க வைக்கறது?" என்றார்.

"உங்க ஆபீஸ்ல..." என்று தொடங்கிய ரீடிங், அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எடுக்கறது என் வேலை சார். வைக்கறது என் வேலை இல்ல. டீச்சர் காப்பகத்துல நாப்பது கூண்டு, நாப்பதுலயும் ஆள் இருக்கு. பதினாலு கூண்டு காலின்னு எழுத்துல கொடுங்க, மறுநாளே வண்டி அனுப்பறேன். தொண்ணூறு நாள் தாண்டிட்டா உத்தரவு செத்துப்போச்சு. அதுக்குள்ள அந்தக் கடைக்காரரும் கொட்டகையை எல்லைக்கு அந்தப் பக்கம் மாத்திடுவார். அப்புறம் நான் எட்டிக்கூடப் பார்க்க முடியாது."

"குட்டிங்க?"

"குட்டி அம்மாவோட சேர்த்தி. தனியா எண்ண வேண்டாம்."

ஆக, பதினான்கு நாய்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால், முதலில் வேறு பதினான்கு நாய்களுக்கு வீடு தேட வேண்டும். அவகாசம் தொண்ணூறு நாள். தேட வேண்டியவர், நாயைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போகிறவர்.

முதல் வேலையாகக் கடை வாசலில் அமைதிப் போராட்டம் என்று முடிவானது. கண்ணாடியில் மயங்கிக் குட்டி வாங்க வருபவர்களைக் காப்பகத்துக்குத் திருப்பிவிடுவது திட்டம். ரீடிங் காவல் நிலையத்தில் அனுமதி கேட்டார். கிடைத்தது, நிபந்தனைகளோடு: ஒலி கூடாது, பாதையை மறிக்கக் கூடாது, சுவரோரமாக ஒற்றை வரிசையில் நிற்க வேண்டும். நிபந்தனை என்று ஒன்று எழுத்தில் வந்துவிட்டால் அதை ரீடிங்கைப்போல மதிப்பவர் கிடையாது. சனிக்கிழமை காலை ஒன்பது பேர் வந்தார்கள்: அவர், மனைவி, டீச்சர், ஒரு காலத்தில் டீச்சரின் விசிலுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடி இப்போது தொப்பையும் வழுக்கையுமாக இருந்த ஆறு பேர். ஒன்பது பேரும் கடை வாசலிலிருந்து சுவரோரமாக, ஒருவர் பின் ஒருவராக, வாய் திறக்காமல் நின்றார்கள்.

பதாகை வாசகத்தையும் ரீடிங்கே எழுதியிருந்தார். 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு: மேற்படி கடையில் விற்கப்படும் குட்டிகளின் தாய் நாய்கள் பராமரிக்கப்படும் முறை தொடர்பாக எழுந்துள்ள ஐயப்பாடுகளைக் கருத்தில் கொண்டு...' என்று அது நீண்டது. முற்றுப்புள்ளி பதாகையின் பின்பக்கம் இருந்தது. யாராக இருந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுதான் படிக்க முடியும்.

ஒரு கடை வாசலில் ஒன்பது பேர் பேசாமல் வரிசையில் நின்றால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பத்தாவதாக ஒரு அம்மாள் வந்து நின்றார். "என்ன தர்றாங்க?" என்று முன்னால் நின்ற வழுக்கையைக் கேட்டார். அமைதிப் போராட்டம் என்பதால் அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவனுக்கு ஏதோ விஷயம் தெரிந்திருக்கிறது என்று அந்த அம்மாள் முடிவுகட்டி, வீட்டுக்குப் போன் செய்து மகளை வரவழைத்தார். பதினொரு மணிக்குள் வரிசை மருந்துக்கடை, செருப்புக்கடை தாண்டி முனைவரை போய்விட்டது. நடுவில் ஆறடி உயரத்தில் ஒருவர் புகுந்தார்.

"ஹலோ, நாங்க என்ன மடையனுங்களா? பின்னால போய்யா!"

"யார்யா மடையன்? நான் காலையிலயே வந்து இடம் போட்டுட்டுப் போனேன்!"

"எதை வெச்சு போட்ட?"

"மனசுல வெச்சுப் போட்டேன்! இப்ப என்ன?"

தள்ளுமுள்ளானது. போலீஸ்காரர் ஓடி வந்தார். அங்கே உரத்த குரலில் கத்திக்கொண்டிருந்த ஆறடிக்காரரைப் பார்த்தார். தலைவர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று அடையாளங்களை எழுதிக்கொண்டார். பெயருக்கு மட்டும் அனுமதிக் கடிதத்தில் இருந்ததைப் பார்த்து எழுதினார். கோப்பு பிறந்த கதை இதுதான்.

கடை முதலாளி வெளியே வந்து வரிசையைப் பார்த்துக் கண் கலங்கினார். அன்று மட்டும் பதினொரு குட்டிகள் விற்றன. மாலையில் ரீடிங்கிடம் வந்து, "அண்ணே, எந்த விளம்பரக் கம்பெனிண்ணே நீங்க?" என்று உண்மையான மரியாதையோடு கேட்டார்.

அந்த வாரம் ரீடிங் வெளியே தலைகாட்டவில்லை. பதினொரு குட்டி விற்றால் கொட்டகையில் பதினொரு குட்டிக்குத் தேவை என்று பொருள். பதினான்கு தாய்களின் தலையில் தானே இன்னொரு சுமையை ஏற்றிவிட்டோம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. போதாததற்குக் காவல் நிலையத்துக் கடிதம் மின்சார அலுவலகத்துக்கும் போயிற்று. ஊழியர்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டிருந்தார்கள். வேலையே போய்விடும் என்று அவர் நடுங்கிக்கொண்டிருந்தபோது மேலதிகாரி கூப்பிட்டார். கடிதத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். பிறகு, 'மேற்கண்ட அங்க அடையாளங்கள் கொண்ட நபர் எவரும் எங்கள் அலுவலகத்தில் பணிபுரியவில்லை' என்று பதில் எழுதிக் கையெழுத்திட்டு, "போய் வேலையைப் பாருங்க" என்றார்.

அடுத்த பதாகையை மனைவி கையிலெடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த வெள்ளைத் திரைச்சீலைத் துணியில், தூரத்திலிருந்து தெரியும்படி சிவப்பு நூலில் ஒரே வரி தைத்தார்: 'குட்டியோட அம்மாவைப் பார்த்தீங்களா?'

"இவ்வளவுதானா? விவரம் வேண்டாமா?" என்றார் ரீடிங்.

"உங்க விவரத்தைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள குட்டி கிழடாயிடும்."

இடத்தையும் மாற்றினார்கள். இப்போது எதிர்ப்பக்க நடைபாதையில், ஆளுக்கொரு காப்பக நாயோடு உட்கார்ந்தார்கள். ரீடிங்குக்கு மட்டும் நாய் கிடையாது. பதாகையின் கம்பு அவர் பொறுப்பு. கம்பு ஆறடி நீளம் இருந்ததும், அதன் அந்தக் கோடியில் மனைவியும் அவர் நாயும் இருந்ததும் தற்செயல் அல்ல.

கடைக்குப் போகிறவர்கள் பதாகையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். போனதும் கேட்டார்கள். முதலாளி முதல் சனிக்கிழமை, "அம்மா ஊர்ல இருக்கு" என்றார். இரண்டாம் சனிக்கிழமை, "வெளிநாட்டுல இருக்கு" என்றார். நாய்க்கு எப்படி விசா கிடைத்தது என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதும், "கேள்வி கேக்கறவங்களுக்கு வியாபாரம் இல்ல" என்று எழுதி ஒட்டினார். ஒட்டிய பிறகு கேள்வி கேட்காதவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்தார்கள். அங்கே இருந்த நாய்களைத் தடவினார்கள். ஒன்றிரண்டு பேர், "இதை எடுத்துக்கலாமா?" என்றும் கேட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. டீச்சர் கொடுக்க மாட்டார்.

காப்பகத்தின் நாற்பது கூண்டும் நிரம்பியிருந்ததற்கு ஊரின் கல்நெஞ்சம் மட்டுமே காரணமல்ல என்பதை ரீடிங் மெல்லக் கண்டுகொண்டார். முந்தைய வருடம் முழுக்க டீச்சர் கொடுத்த நாய்கள் மூன்று. வந்தவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டு, தேர்வில் தோற்கடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அந்த ஆளுக்குக் குடுக்க மாட்டேன். செருப்பைக் கோணலா விட்டிருக்கான் பாருங்க. ஒழுங்கு இல்ல."

"டீச்சர், அவர் நாய் வளர்க்கத்தானே கேக்கறார். அணிவகுப்புக்கா?"

"உங்களுக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்?"

"நாயைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றார் ரீடிங். பிறகு, அவரே எதிர்பாராதபடி, "வீட்டைப் பத்தித் தெரியும்" என்றார்.

இருபத்தெட்டு வருடமாக மாதாமாதம் ஒரு வீட்டின் மீட்டரைப் பார்த்து வருகிறவருக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொந்தக்காரர்களைவிட அதிகம் தெரியும். சொந்தக்காரர்கள் மாதாமாதம் வருவதில்லை. செருப்புக் கோணல்காரரைப் பற்றி ரீடிங் சொன்னார்: "மூணு வருஷமா மாசம் தொண்ணூறு யூனிட். ஒரு மாசம்கூட எண்பத்தஞ்சுக்குக் கீழ போனதில்ல. அப்படின்னா என்ன அர்த்தம்? மனுஷன் ஊருக்கே போறதில்ல. எங்கயும் போகாத ஆள் டீச்சர்! நாய்க்கு வேற என்ன வேணும்?"

டீச்சர் விசிலை வாயில் வைத்து யோசித்தார். ஊதவில்லை. "எட்டாம் கூண்டைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கூட்டிக்கொண்டு வந்தது வழுக்கைகளில் ஒருவர். ரீடிங் அப்போதும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். ஆனால் அன்றிலிருந்து டீச்சருக்கு நாய், ரீடிங்குக்கு வீடு என்று வேலை பிரிந்தது. வேலை நேரத்தில் மீட்டரைத் தவிர வேறெதையும் பேசக்கூடாது என்பது விதி. ஆகவே காலையில் மீட்டர் பார்த்த வீட்டுக்கே மாலையில் மறுபடி போய்க் கதவைத் தட்டினார். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கூச்சத்தோடு ஒரு வீட்டுப் படியேறியிருக்க மாட்டார்.

"என்ன ரீடிங் சார், மீட்டர்ல ஏதாவது தப்பா?"

"இல்லீங்க. நாய் விஷயமா வந்தேன்."

"எங்க வீட்ல நாய் இல்லையே?"

"அதான் விஷயம்."

பகலிலும் விளக்கு எரியும் இருண்ட வீடுகளுக்கு வெயில் கேட்காத கிழட்டு நாய்களைச் சொன்னார். பிள்ளைகள் வெளியூர் போய் யூனிட் திடீரென்று பாதியாகிவிட்ட வீடுகளுக்கு, சத்தம் போடும் இளசுகளைச் சொன்னார். மாதம் முந்நூறு யூனிட்டுக்குக் குறையாமல் கூட்டமும் கும்மாளமுமாக இருந்த ஒரு வீட்டுக்கு எந்தச் சத்தத்துக்கும் அசையாத ஒரு செவிட்டு நாய் போய், ஒரே வாரத்தில் அந்த வீட்டின் மிக நிம்மதியான உறுப்பினராகியது. மாமியாரும் மருமகளும் தனித்தனி மீட்டர் போட்டுக்கொண்ட ஒரு வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. நாயையும் பிரித்துக் கேட்பார்கள்.

எண்பத்தேழாவது நாள் பதின்மூன்று கூண்டுகள் காலி. அதிகாரியிடம் போனார்கள்.

"பதிமூணா?" என்றார் அவர். "உத்தரவுல பதினாலு இருக்கே."

"ஒண்ணை என் மேசைக்குக் கீழ வெச்சுக்கறேன்," என்றார் டீச்சர்.

"மேசைக்குக் கீழ ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு போன தடவை பார்த்தேன் டீச்சர். எழுதல. அவ்வளவுதான் என்னால முடியும். பதிமூணை எடுத்துட்டு ஒண்ணை விட்டா, அந்த ஒண்ணை வெச்சே மறுபடி கடை நடத்துவார். பதினாலுன்னா பதினாலு."

கொட்டகைச் சந்தில் ஏற்கெனவே லாரிக்காரர் வந்து அளவு பார்த்துவிட்டுப் போனதாகச் செய்தி. ரீடிங் அன்று மாலை தன் பதிவேட்டை முன்னாலிருந்து பின்னால் வரை புரட்டினார். அந்த இரட்டை மீட்டர் வீட்டைத் தவிர, தட்டாத கதவு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கணவர் போனபின் தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் வீடு. எழுபத்து நான்கு வயது, நல்ல கால்கள், சுற்றுச்சுவர், முன்னால் ஒரு வேப்பமரம். எல்லாப் பொருத்தமும் இருந்தும் இவ்வளவு நாள் அவர் அங்கே போகாததற்குக் காரணம், அந்த அம்மா கடை முதலாளியைப் பெற்றவர்.

இது நியாயமா என்று தெருமுனையில் நின்று அரை மணி நேரம் யோசித்தார். பதில் கிடைக்காமலே போய்த் தட்டினார்.

"வாங்க தம்பி. உங்களைத்தான் எதிர்பார்த்தேன். ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போனீங்களாம், எங்க வீட்டுக்கு மட்டும் வரல. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"இல்லம்மா... உங்க பையன்..."

"அவன் கடையில நானே ஒரு குட்டி கேட்டேன் தம்பி. என்ன சொன்னான் தெரியுமா? விலையைச் சொன்னான்."

ரீடிங்குக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில் மீட்டரைப் பார்த்தார்.

"போன சனிக்கிழமை மருந்து வாங்கப் போனப்ப உங்க துணியைப் பார்த்தேன். 'குட்டியோட அம்மாவைப் பார்த்தீங்களா'ன்னு எழுதியிருந்துச்சு. நேரா உள்ள போய் அவன்கிட்டயே சொன்னேன்: டேய், அவங்க நாயைப் பத்திக் கேக்கறாங்க, சரி. நீ உன் அம்மாவைப் பார்த்து ஆறு மாசம் ஆச்சேடான்னு. கடையில நாலு பேர் இருந்தாங்க. நல்லா காதுல வாங்கினாங்க." அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நாய் ஆணா பொண்ணா?"

"ஆண்மா. கொஞ்சம் வயசாச்சு. சொன்ன பேச்சு கேக்கும்."

"அப்படி ஒரு ஆணை இந்த வீடு பார்த்ததில்ல. நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

எண்பத்தொன்பதாவது நாள் காலை வண்டி வந்தது. அதிகாரி, ஓட்டுநர், நாய் பிடிக்கும் ஊழியர்கள் இருவர், டீச்சர், ரீடிங் ஆகியோர் சந்தில் கூடினார்கள். கடை முதலாளி கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரீடிங்கைப் பார்த்ததும், "எங்கம்மா வீட்ல நாய் இருக்கு. உங்க வேலையா?" என்றார்.

"ஆமாங்க."

"நேத்து போனேன். நாய்க்குச் சாப்பாடு வெச்சுட்டுத்தான் எனக்குத் தண்ணி குடுத்தாங்க." பிறகு சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

ஊழியர்கள் இருவரும் நீளக் கம்பில் சுருக்குக் கயிறு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். டீச்சர் விசில் ஊதினார். "சுருக்கைக் கீழ வை! அதுங்க கழுத்துல போட்டா அதையே உங்க கழுத்துல போடுவேன்!"

"வெறுங்கையோட போனா கடிக்கும் மேடம். எங்களுக்குக் குடும்பம் இருக்கு" என்றார் ஒருவர். இன்னொருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் அதையே சொன்னார். ஓட்டுநர், "ஓட்டறது மட்டும்தான் என் வேலை" என்று ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். டீச்சர் வண்டிக்குள் நின்று ஒவ்வொன்றாக வாங்கிக் கூண்டில் வைத்தாக வேண்டும். எல்லோரும் ரீடிங்கைப் பார்த்தார்கள்.

"எனக்கு நாய்னா பயம்," என்றார் ரீடிங். இதை அவர் வெளிப்படையாகச் சொன்னது அதுவே முதல் தடவை. ஏற்கெனவே ஊருக்கே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"தெரியும். அதுங்களுக்கு மனுஷன்னா பயம்," என்றார் டீச்சர். "சரிக்குச் சரி. போங்க!"

போனார். முதல் கூண்டைத் திறந்து "வா" என்றார். நாய் வரவில்லை. கெஞ்சினார். அரசு ஊழியரின் குரலில் "சீக்கிரம் வரவும்" என்றும் சொல்லிப் பார்த்தார். அது கூண்டின் விளிம்புவரை வந்து, கீழே இருந்த தரையைப் பார்த்து, நின்றுவிட்டது. கம்பியின் மேலேயே வாழ்ந்த அதற்குத் தரையில் கால் வைக்கத் தெரியவில்லை என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வெளியே காத்திருந்தவர்களுக்கு உள்ளே நடந்தது தெரியவில்லை. முதலில் வாசலில் தெரிந்தது ரீடிங்கின் செருப்பு. பிறகு இறுக மூடிய கண்கள். பிறகு, அவர் சட்டையில் முகத்தைப் புதைத்திருந்த ஒரு பழுப்பு நிறப் பெட்டை. நாய் நடுங்கியது. அவரும் நடுங்கினார். யார் நடுங்குவதால் யார் நடுங்குகிறார் என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேருமாக வண்டிவரை வந்து சேர்ந்தார்கள். "வலது பக்கம்! படி இருக்கு! கண்ணைத் திறங்க சார்!" என்று டீச்சர் வழி சொல்லிக்கொண்டே வந்தார். ரீடிங் நாயைக் கொடுத்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். மறுபடி உள்ளே போனார். சில நாய்களுக்குக் குட்டிகளும் இருந்தன. அவற்றைச் சட்டைப் பைகளிலும் தோளில் மாட்டியிருந்த அலுவலகப் பையிலும் போட்டுக்கொண்டார்.

வேலை முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதினான்கு முறை கொட்டகைக்குள் போனார். பதினான்கு முறையும் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.